வெஸ்லி, வெல்லெஸ்லி, போல், கௌலி: ஒரே வீட்டுப் பிள்ளைகளுக்கு ஏன் இத்தனை குடும்பப் பெயர்கள்?

தாமிரபரணி எழுதியது:

அன்பர்களுக்கு வணக்கம். 1799 முதல் 1801 வரை தென்னாட்டில் நடந்த ஆட்சி மாற்றங்களைப் பற்றி எங்கள் ஊர் வாசகர் வட்டத்தில் ஒரு கட்டுரை வாசிக்க இருக்கிறேன். அதற்காகக் குறிப்புகள் சேர்த்து வருகிறேன். சீரங்கப்பட்டணம் வீழ்ந்தது, கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டது, தஞ்சை சரபோஜி மன்னர் ஆட்சியுரிமையை எழுதிக்கொடுத்தது, ஆர்க்காட்டு நவாபின் நாடு கும்பினியின் கைக்குப் போனது ஆகிய அனைத்தும் ஒரே கவர்னர் ஜெனரலின் காலத்தில் நடந்தவை. ஆனால் 1798, 1799ஆம் ஆண்டு ஆவணங்களில் அவர் மார்னிங்டன் பிரபுவாக இருக்கிறார். அடுத்த ஆண்டிலிருந்து வெல்லெஸ்லி பிரபுவாகி விடுகிறார். இருவரும் ஒருவரே என்று தெரிந்துகொள்ளவே எனக்கு ஒரு வாரம் பிடித்தது.

அத்தோடு முடியவில்லை. அவருடைய தம்பி ஆர்தர் இந்தியாவுக்கு வந்த 1797ஆம் ஆண்டில் ‘வெஸ்லி’ என்று கையெழுத்திடுகிறார், மறு ஆண்டில் ‘வெல்லெஸ்லி’ என்கிறார், பின்னாளில் வெல்லிங்டன் ஆகிறார். அண்ணனுக்கு இங்கே செயலாளராக இருந்த கடைசித் தம்பி ஹென்றி, முடிவில் கௌலி பிரபுவாக அறியப்படுகிறார். இவர்களுக்கு நடுவில் பிறந்த வில்லியம் என்பவரின் பெயரோ ‘வெல்லெஸ்லி-போல்’. ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்தவர்களுக்கு இத்தனை பெயர்கள் எப்படி வந்தன? இவர்களை ஆங்கிலேயர் என்று எழுதுவதா, அயர்லாந்துக்காரர் என்று எழுதுவதா என்பதும் புரியவில்லை. தொழுவத்தில் பிறந்தவனெல்லாம் குதிரையாகிவிட மாட்டான் என்று ஆர்தரே தம் அயர்லாந்துப் பிறப்பை மறுத்தார் என ஒரு நண்பர் சொன்னார். அதைக் கட்டுரையில் சேர்க்கலாமா என்பதையும் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஏட்டாளர் எழுதியது:

தாமிரபரணி அவர்களுக்கு வணக்கம். கடைசிக் கேள்வியை முதலில் தீர்த்துவிடலாம். அந்தச் சொற்கள் ஆர்தருடையவை அல்ல. அவரை ஏளனம் செய்து டேனியல் ஓகானல் 1843ஆம் ஆண்டில் பேசியவை. அயர்லாந்துக் கத்தோலிக்கரின் தலைவர் சொன்ன வசையை, வசைக்கு ஆளானவரின் வாயிலேயே பின்வந்தவர்கள் வைத்துவிட்டார்கள். ஆகவே அதைச் சேர்க்க வேண்டாம். சேர்ப்பதானால் ஓகானலின் பெயரில் சேருங்கள்.

இனிப் பெயர்களுக்கு வருவோம். இந்தச் சகோதரர்கள் ஆண்வழியில் வெல்லெஸ்லிகளே அல்லர். அவர்கள் கோலி என்ற வேறொரு குடும்பத்தைச் சேர்ந்தவர்கள். அந்தப் பெயரைப் பழைய ஏடுகள் ‘கௌலி’ என்றும் எழுதும். ஹென்றியின் பட்டம் எங்கிருந்து வந்தது என்பது இதிலிருந்தே உங்களுக்கு விளங்கியிருக்கும். கோலிகள் எட்டாம் ஹென்றி மன்னர் காலத்தில் அயர்லாந்தில் சட்டம் படித்த அரசு அலுவலர்களாகத் தலையெடுத்தவர்கள். எலிசபெத் அரசியின் காலத்தில் சர் ஹென்றி கோலி என்பவர் கில்டேர் மாவட்டத்துக் கார்பரி கோட்டையில் நிலைபெற்றுவிட்டார். எளிய சொல்லில் சொன்னால், உத்தியோகத்துக்கு வந்து நிலக்கிழாரான குடும்பம்.

பக்கத்து மீத் மாவட்டத்தில் டாங்கன், மார்னிங்டன் ஆகிய நிலங்களை ஆண்டுவந்த வெஸ்லிகள் அவர்களைவிடப் பல நூற்றாண்டுகள் மூத்த குடியேறிகள். இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில் வெல்ஸ் நகரத்தை ஒட்டிய ஓர் இடத்தின் பெயரே அவர்களுடைய பெயர். இரண்டாம் ஹென்றி மன்னர் 12ஆம் நூற்றாண்டில் அயர்லாந்தின்மேல் படையெடுத்து வந்தபோது அவருடைய கொடியை ஏந்தி வந்தவர் தங்கள் முன்னோர் என்பது அவர்கள் சொல்லிக்கொண்ட குலக்கதை. அதைக் குலக்கதையாகவே எடுத்துக்கொள்ளுங்கள். எந்தக் குடும்பத்துக்குத்தான் அப்படி ஒரு கொடியோ குடையோ இல்லை? வெல்லெஸ்லி என்பது பழைய வடிவம், வெஸ்லி என்பது நாளடைவில் தேய்ந்த வடிவம். ஆர்தரின் பெயர் 1798ஆம் ஆண்டில் நீண்டதாகத் தோன்றுவது உண்மையில் பழைய எழுத்துக்குத் திரும்பியதுதான். அண்ணன் ரிச்சர்டு முன்பே அப்படி எழுதத் தொடங்கியிருந்தார், தம்பிமார் பின்பற்றினார்கள். மெதடிஸ்ட் சபையைத் தொடங்கிய ஜான் வெஸ்லியோடு தங்களைச் சேர்த்துப் பேசிவிடக் கூடாது என்பதும் ஒரு காரணம் என்று சொல்பவர்கள் உண்டு.

இரண்டு குடும்பங்களும் கொண்டான் கொடுத்தான் உறவு உடையவை. கோலி வீட்டுப் பெண் ஒருவர் முந்தைய தலைமுறையிலேயே வெஸ்லி வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டிருந்தார். 1728ஆம் ஆண்டில் டாங்கனின் காரெட் வெஸ்லி பிள்ளையில்லாமல் இறந்தபோது, தம் நிலங்களை உறவினரான ரிச்சர்டு கோலிக்கு எழுதிவைத்தார். வெஸ்லி என்ற பெயரையும் அக்குடும்பத்தின் கேடயச் சின்னத்தையும் அவர் ஏற்க வேண்டும் என்பது நிபந்தனை. நம் பக்கத்து ஜமீன்களில் நடந்த சுவீகாரத்தை நினைத்துக்கொண்டால் இது எளிதில் பிடிபடும். ஆனால் இங்கே சுவீகாரம் கொள்ளி வைக்கவும் திதி கொடுக்கவும் ஒரு பிள்ளையைத் தேடியது. அங்கே அந்தக் கடமை எதுவும் இல்லை, நிலம் பெயரோடு ஒட்டியிருக்க வேண்டும் என்ற எண்ணம் ஒன்றே இருந்தது. ரிச்சர்டு கோலி அப்படித்தான் ரிச்சர்டு வெஸ்லி ஆனார். 1746ஆம் ஆண்டில் அயர்லாந்துப் பட்டவரிசையில் மார்னிங்டன் பிரபுவாக உயர்த்தப்பட்டார். உங்கள் கவர்னர் ஜெனரலுக்கு இவர் பாட்டனார்.

இந்தச் சொத்து முதலில் ஜான் வெஸ்லியின் தம்பி சார்லஸ் வெஸ்லிக்கே அளிக்க முன்வரப்பட்டதாகவும், பள்ளி மாணவராக இருந்த அவர் மறுத்துவிட்டதாகவும் மெதடிஸ்ட் மரபில் ஒரு செய்தி வழங்கி வருகிறது. அது உண்மையாக இருந்து, அவரும் இசைந்திருந்தால், சீரங்கப்பட்டணத்துக்கு ஆள் அனுப்பிய குடும்பத்துக்குப் பதிலாக ஆயிரக்கணக்கான கிறித்தவப் பாடல்களை எழுதிய அந்தச் சார்லஸ் டாங்கனில் உட்கார்ந்திருப்பார். ஆனால் அந்த இரண்டு வெஸ்லிக் குடும்பங்களுக்கும் இடையே இரத்த உறவு மெய்ப்பிக்கப்படவில்லை என்பதை மறந்துவிடக் கூடாது.

ஆங்கிலேயரா, அயர்லாந்துக்காரரா என்ற கேள்விக்கு ஆங்கிலோ-அயர்லாந்தியர் என்று எழுதுவதே பொருந்தும். நம்மூரில் ஆங்கிலோ-இந்தியர் என்றவுடன் தோன்றும் கலப்பு மணப் பொருளை இங்கே கொள்ளக் கூடாது. குடியேற்றக் குடும்பங்களின் வழிவந்து, அயர்லாந்தின் அரசுத் திருச்சபையைச் சேர்ந்து, நிலத்தையும் பாராளுமன்றத்தையும் கையில் வைத்திருந்த சிறுபான்மையினர் என்பதே பொருள். பெரும்பான்மையான கத்தோலிக்கர் 1704ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு புதிதாக நிலம் வாங்க முடியாது; பாராளுமன்றத்திலும் அவர்களுக்கு இடமில்லை. இவர்களுக்கோ ட்ரிம் தொகுதி வீட்டுத் திண்ணைபோல இருந்தது. ரிச்சர்டு, வில்லியம், ஆர்தர் மூவரும் முறை வைத்துக்கொண்டதுபோல ஒருவர்பின் ஒருவராக அந்த ஊரிலிருந்து டப்ளின் பாராளுமன்றத்துக்குப் போனார்கள். ஆர்தர் அங்கே உறுப்பினரானபோது அவருக்கு வயது ஏறக்குறைய 21.

கருங்குயில் எழுதியது:

ஏட்டாளர் ஐயா பெயரை விளக்கிவிட்டார். பட்டங்களை நான் தொடர்கிறேன். குழப்பத்தில் பாதி அங்கேதான் இருக்கிறது.

பாட்டனாரான முதல் மார்னிங்டன் பிரபுவின் மகனும் இந்தச் சகோதரர்களின் தந்தையுமான காரெட் 1760ஆம் ஆண்டில் மார்னிங்டன் ஏர்ல் ஆக உயர்த்தப்பட்டார். அவரைப் பற்றி ஒரு வரி கூடுதலாக எழுதத் தோன்றுகிறது, ஏனென்றால் மக்களின் புகழில் அவர் மறைந்துபோனார். டப்ளின் டிரினிட்டி கல்லூரியின் முதல் இசைப் பேராசிரியர் அவர்தான். 1764 முதல் 1774 வரை அப்பொறுப்பில் இருந்தார். அவர் அமைத்த மெட்டு ஒன்று ஆங்கிலத் திருச்சபைகளில் நெடுங்காலம் பாடப்பட்டது. இசையில் இருந்த கணக்கு வீட்டு வரவு செலவில் இல்லாததால், 1781ஆம் ஆண்டில் அவர் இறந்தபோது பிள்ளைகளுக்குப் பட்டத்தோடு கடனும் சேர்ந்து வந்தது. மூத்தவர் ரிச்சர்டு 1793ஆம் ஆண்டில் டாங்கனையே விற்றுவிட்டார். பாட்டனார் ஏரி வெட்டிப் படகு விட்டு, தூபிகள் எழுப்பி அழகு பார்த்த மாளிகை அது. 1809ஆம் ஆண்டுத் தீ விபத்துக்குப் பிறகு எஞ்சிய சுவர்கள் இன்றும் அங்கே நிற்கின்றன. இந்தியாவுக்கு வந்த சகோதரர்கள் செல்வக் குடும்பத்துச் செல்லப் பிள்ளைகள் என்று பலரும் எழுதிவிடுகிறார்கள். உண்மையில் அவர்கள் நிலத்தை இழந்த நிலக்கிழார்கள். அவர்களுடைய வேகத்துக்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

தாமிரபரணி அவர்கள் முதலில் கேட்ட மாற்றம் 1799 டிசம்பரில் நிகழ்ந்தது. திப்புவை வென்றதற்குப் பரிசாக ரிச்சர்டுக்கு வெல்லெஸ்லி மார்க்வெஸ் என்ற பட்டம் வந்தது. ஏர்ல் பட்டத்தைவிட அது ஒருபடி மேல். ஆனால் அதுவும் அயர்லாந்துப் பட்டவரிசையிலேயே வந்தது என்பதால் அவர் கொதித்துப்போனார். இருமுறை பொன் முலாம் பூசிய உருளைக்கிழங்கு என்று தம் பட்டத்தைத் தாமே எள்ளினார். அயர்லாந்துப் பட்டத்துக்கு இங்கிலாந்துப் பட்டத்தின் மதிப்புக் கிடையாது. 1801ஆம் ஆண்டில் இரு நாடுகளும் ஒன்றாக்கப்பட்ட பின், அயர்லாந்துப் பிரபுக்கள் அனைவரும் சேர்ந்து தங்களுக்குள் 28 பேரைத் தேர்ந்தெடுத்து இலண்டன் பிரபுக்கள் அவைக்கு அனுப்ப வேண்டியிருந்தது. அயர்லாந்தில் பிறந்து, அயர்லாந்துப் பட்டத்தை இழிவாக நினைத்த மனிதர் என்ற இந்த ஒரு செய்தியே ஆங்கிலோ-அயர்லாந்தியர் என்ற சொல்லின் உள்முரண்பாட்டைக் காட்டப் போதும்.

வில்லியத்துக்கு ‘போல்’ வந்தது பாட்டனாருக்கு ‘வெஸ்லி’ வந்த அதே வழியில்தான். பாலிஃபின் என்ற இடத்து வில்லியம் போல் என்ற உறவினரின் சொத்து அவருக்கு வந்தது. பெயரும் கூடவே வந்தது. அவருடைய மகனோ 1812ஆம் ஆண்டில் பெருஞ்செல்வியான கேத்தரின் டில்னி-லாங் என்பவரை மணந்து, பெயரை ‘போல்-டில்னி-லாங்-வெல்லெஸ்லி’ என்று நீட்டிக்கொண்டார். பெயர் நீண்ட வேகத்தில் சொத்து கரைந்தது. மனைவி வழி வந்த வான்ஸ்டெட் மாளிகையின் பொருள்கள் 1822ஆம் ஆண்டில் ஏலம் போயின. பிறகு மாளிகையே இடித்து விற்கப்பட்டது. அவருடைய நடத்தையைக் காரணம் காட்டி, நீதிமன்றம் பிள்ளைகளைக்கூட அவரிடம் ஒப்படைக்க மறுத்துவிட்டது.

ஆர்தரின் ‘வெல்லிங்டன்’ குடும்பப் பெயரே அல்ல. 1809ஆம் ஆண்டில் டலவேரா போருக்குப் பின் அவருக்கு வைகவுண்ட் பட்டம் அறிவிக்கப்பட்டபோது அவர் ஸ்பெயினில் இருந்தார். எந்தப் பெயரில் பட்டம் வேண்டும் என்று இலண்டனில் கேட்டவர்களுக்கு விடை சொன்னவர் அண்ணன் வில்லியம். வெல்லெஸ்லி என்ற ஒலிக்கு நெருக்கமாகவும், மூதாதையரின் சாமர்செட்டிலேயே இருப்பதாகவும் தேடி, வெல்லிங்டன் என்ற ஊரைப் பிடித்தார். 1814ஆம் ஆண்டில் டியூக் ஆனபோதும் அந்தப் பெயரே நிலைத்தது. கடைசித் தம்பி ஹென்றி 1828ஆம் ஆண்டில் பிரபு ஆனபோது கௌலி என்ற பெயரைத் தேர்ந்துகொண்டார். நூறு ஆண்டுகளுக்கு முன் உயிலில் கைவிடப்பட்ட தந்தைவழிப் பெயர் அப்படித்தான் மீண்டும் ஏறியது.

ஹென்றியைப் பற்றி எழுதினால் ஒரு வம்பையும் சொல்லாமல் இருக்க முடியாது. அவருடைய முதல் மனைவி சார்லட் கடோகன் 1809ஆம் ஆண்டில் ஹென்றி பேஜெட் என்ற குதிரைப்படைத் தளபதியோடு போய்விட்டார். நெப்போலியனை வீழ்த்திய வாட்டர்லூ போரில் ஆர்தரின் குதிரைப்படைக்குத் தலைமை தாங்கி ஒரு காலை இழந்தவர் அதே பேஜெட்தான். போர்க்களத்தில் அவ்விருவரும் எப்படி முகம் பார்த்துப் பேசினார்கள் என்று நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு.

பிறை வாசகன் எழுதியது:

பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையிலிருந்து எழுதுகிறேன். நான் பிறந்த இடத்துக்கு என் பெற்றோரின் பழைய ஆவணங்களில் இருக்கும் பெயர் ‘வெல்லெஸ்லி மாகாணம்’. 1800ஆம் ஆண்டில் கெடா சுல்தானிடமிருந்து கும்பினி இந்தக் கரையைப் பெற்றபோது, அப்போதைய கவர்னர் ஜெனரல் ரிச்சர்டின் பெயரை வைத்தார்கள். ஆர்தரின் பெயரால் வந்தது என்று இங்கே பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், அது தவறு. 19ஆம் நூற்றாண்டில் இங்கிருந்த கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்கள் கப்பலேறி வந்தார்கள். இப்போது இது செபெராங் பிறை. மீத் மாவட்டத்து நிலத்துக்காக ஒருவர் ஏற்றுக்கொண்ட பெயர், கடைசியில் எங்கள் பாட்டன்மார் கரும்பு வெட்டிய மண்ணுக்கு வந்து சேர்ந்தது என்பதை இன்றுதான் அறிந்தேன். இந்த ரிச்சர்டுக்குச் சந்ததி உண்டா?

கருங்குயில் எழுதியது:

உண்டு, ஆனால் பட்டத்துக்கு உரிய சந்ததி இல்லை. யசிந்த் ரோலான் என்ற பிரெஞ்சுப் பெண்மணியோடு வாழ்ந்து ஐந்து பிள்ளைகளைப் பெற்ற பிறகே, 1794ஆம் ஆண்டில் ரிச்சர்டு அவரை மணந்தார். திருமணத்துக்கு முன் பிறந்தவர்களுக்குச் சட்டப்படி பட்டம் இறங்காது. 1825ஆம் ஆண்டில் அவர் இரண்டாவதாக மணந்தவர், அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட சார்லஸ் கரோலின் பேத்தியான மரியான். அப்போது ரிச்சர்டு அயர்லாந்தின் அரசப் பிரதிநிதி, மரியானோ கத்தோலிக்கர். டப்ளினில் இது எவ்வளவு பேசப்பட்டிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அந்தத் திருமணத்தில் பிள்ளைகள் இல்லாததால், 1842ஆம் ஆண்டில் ரிச்சர்டு இறந்தபோது அவர் எள்ளிய மார்க்வெஸ் பட்டம் அவரோடு மறைந்தது.

மார்னிங்டன் ஏர்ல் பட்டம் தம்பி வில்லியத்துக்கும், அவருக்குப் பின் நான் மேலே சொன்ன நீண்ட பெயருக்காரருக்கும், பிறகு அவருடைய மகனுக்கும் இறங்கியது. அந்த மகன் 1863ஆம் ஆண்டில் மணமாகாமல் இறக்கவே, பட்டம் ஆர்தரின் மகனான இரண்டாம் வெல்லிங்டன் டியூக்கிடம் சேர்ந்தது. அன்றிலிருந்து அது டியூக்குகளின் பட்டங்களோடு ஒன்றாகவே இருந்து வருகிறது.

ஆனால் பட்டம் கிடைக்காத கிளைதான் அரண்மனைக்குப் போனது. ரிச்சர்டுக்கும் யசிந்துக்கும் திருமணத்துக்கு முன் பிறந்த மகள் ஆன், முதல் கணவரை விட்டு சார்லஸ் பென்டிங்க் பிரபுவை மணந்தார். அவர்களுடைய மகன் ஒரு பாதிரியார். அந்தப் பாதிரியாரின் மகள் செசிலியா. செசிலியாவின் மகள் எலிசபெத் போவ்ஸ்-லயன். அவர் ஆறாம் ஜார்ஜ் மன்னரை மணந்து அரசியானார். அவருடைய மகளே இரண்டாம் எலிசபெத் அரசி. பட்டவரிசை நூலின் ஆண்வழிப் பக்கங்களை மட்டும் புரட்டுபவர்களுக்கு இந்தக் கிளை கண்ணில் படாது.

தாமிரபரணி எழுதியது:

உங்கள் மூவருக்கும் நன்றி. இன்னும் ஒன்று மட்டும் கேட்டுவிடுகிறேன். ஆர்தரின் பிறந்தநாளை ஒரு நூல் 1769 மே 1 என்கிறது. மற்றொன்று ஏப்ரல் 29 என்கிறது. பிறந்த இடமும் நூலுக்கு நூல் மாறுகிறது. அயர்லாந்தின் ஆவணங்கள் எரிந்துபோயின என்று வேறு கேள்விப்படுகிறேன். அப்படியிருக்க, 1728ஆம் ஆண்டு நிகழ்ச்சிகளையெல்லாம் எந்த ஆதாரத்தைக் கொண்டு உறுதியாகச் சொல்கிறார்கள்?

ஏட்டாளர் எழுதியது:

எரிந்தது உண்மை. 1922 ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், டப்ளின் நீதிமன்ற வளாகத்திலிருந்த பொது ஆவணக் காப்பகம் வெடித்துத் தீப்பற்றியது. பல நூற்றாண்டு உயில்களும், திருச்சபைப் பதிவேடுகளில் பெரும்பகுதியும், 19ஆம் நூற்றாண்டுக் கணக்கெடுப்பு ஏடுகளும் சாம்பலாயின. ஆனால் பெருங்குடும்பங்களின் வரலாறு மற்றவர்களுடையதைப்போல அழிந்துவிடவில்லை. நிலப் பத்திரப் பதிவகம் 1708ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. அது வேறு கட்டடத்தில் இருந்ததால் அதன் ஏடுகள் தப்பின. வில்லியம் பெத்தம் என்ற குலமுறை அலுவலர் 19ஆம் நூற்றாண்டிலேயே ஆயிரக்கணக்கான உயில்களிலிருந்து உறவுமுறைகளைக் குறித்து வைத்திருந்தார். அந்தக் குறிப்புகளும் எஞ்சின. நிலம் உள்ளவனுக்கு நான்கு இடங்களில் பெயர் இருக்கும்; அவனுடைய குடியானவனுக்கு ஒரே இடத்தில் இருந்தது, அதுவும் எரிந்தது.

பிறந்தநாளைப் பொறுத்தவரை, தாயார் ஆன் மே 1 என்றே சொன்னார். மகனும் அன்றுதான் கொண்டாடினார். ஆனால் டப்ளின் தூய பேதுரு தேவாலயத்துப் பதிவேட்டில் ஞானஸ்நானம் 1769 ஏப்ரல் 30 அன்று நடந்ததாக இருக்கிறது. பிறப்பதற்கு முதல்நாளே ஒரு குழந்தைக்குத் தண்ணீர் தெளிக்க முடியாது. ஆகையால் பதிவேட்டை நம்புபவர்கள் ஏப்ரல் 29 என்கிறார்கள். இடம் பற்றி டாங்கன், ட்ரிம், நடுக்கடலில் ஒரு கப்பல் என்றெல்லாம் சொல்வதுண்டு. டப்ளின் மேரியன் தெருவில் குடும்பத்துக்கு இருந்த வீடு என்பதே பெரும்பாலோர் ஏற்பது. அந்த வீடு இப்போது ஒரு தங்கும் விடுதியின் பகுதி. கட்டுரையில் மே 1 என்று எழுதி, அது குடும்பத்தார் கொண்டாடிய நாள் என்று ஒரு சொல் சேர்த்தால் யாரும் குறை சொல்ல முடியாது.

உங்கள் தலைப்புக்கு நேரடித் தொடர்புள்ள ஒன்றும் டப்ளினில் இருக்கிறது. ஃபீனிக்ஸ் பூங்காவில் ஆர்தருக்கு 62 மீட்டர் உயரத்தில் கல்தூபி ஒன்று உண்டு. 1861ஆம் ஆண்டில் முடிக்கப்பட்டது. அதன் அடித்தளத்தில், பிடிபட்ட பீரங்கிகளை உருக்கி வார்த்த புடைப்புச் சிற்பங்களைப் பதித்திருக்கிறார்கள். ஒன்றில் வாட்டர்லூ, மற்றொன்றில் கத்தோலிக்கருக்குப் பாராளுமன்ற உரிமை தந்த 1829ஆம் ஆண்டுச் சட்டம், அவர் பிரதமராக இருந்து நிறைவேற்றியது, மூன்றாவதில் அவருடைய இந்தியப் போர்கள்.

தாமிரபரணி எழுதியது:

அந்த மூன்றாவது சிற்பத்தின் படத்தைத் தேடி எடுத்துக்கொள்கிறேன். கவர்னர் ஜெனரலை 1799 டிசம்பர் வரை மார்னிங்டன் என்றும் அதன் பிறகு வெல்லெஸ்லி என்றும் எழுதி, முதல் இடத்திலேயே ‘பிறப்பால் கோலி’ என்று ஒரு குறிப்புப் போட்டுவிடுகிறேன். ஆர்தர் பெயரில் எழுதி வைத்திருந்த குதிரைத் தொழுவ வரியை அடித்துவிட்டேன்.